எத்திராஜின் விசில்

பதினேழு வருடத்தில் மூன்று வண்டி மாறினோம்.
ஆள் மாறவில்லை:
முன்னால் நான், பின்னால் எத்திராஜ்.

டிரைவருக்கு முகம் வேண்டாம், குரல் போதும்.
சிவாஜிநகர் ஸ்டாண்டில், படியில் ஒரு கால் வைத்து,
அல்சூர் இந்திராநகர் தொம்மலூர் முருகேஷ்பாளையா எச்.ஏ.எல் மாரத்தஹள்ளி
என்று ஒரே மூச்சில் ஊரைக் கோத்துவிடுவான்.
கடைசி 'ளி' இழுபட்டுக்
கோழிக்கடைகள் வரை போகும்.

மாரத்தஹள்ளிப் பக்கம் மெட்ரோவுக்குத் தூண் நட்ட வருடம்
அந்தச் சரம் நடுவில் அறுந்தது.
தொம்மலூர், என்பான்.
ஒரு இடைவெளி.
பிறகு முருகேஷ்பாளையா.
புழுதி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்கு இந்திராநகரிலேயே அறுந்தது.
இரண்டு விசில் வரவேண்டிய இடத்தில்
ஒன்றரை வந்தது.
அப்புறம் விசிலே இல்லை,
கம்பியில் காசால் தட்டினான்.
"விசில்ல எச்சில் நிக்குது மச்சான்."
நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

இருமல் எல்லோருக்கும்தான் இருந்தது.
டிசம்பர் விடியலில் டிப்போவில்
நாற்பது என்ஜின் உறுமும்போது
எது யாருடைய இருமல் என்று யார் பிரிப்பார்?
எங்களுடையது மார்ச்சில் நின்றது.
அவன் சுவரோரம் காறித் துப்பி,
குனிந்து பார்த்து,
செருப்பால் மண்ணைத் தள்ளி மூடினான்.
"சிகரெட்ட விட்டே பத்து வருஷம் ஆச்சு, இனி என்ன."

கண்ணாடியில் ஒருநாள் பார்த்தேன்.
இரண்டு கையையும் சீட் கம்பியில் ஊன்றி,
தோள் காதுவரை ஏற,
வாயைக் குவித்து
சூடான டீயை ஊதுவதுபோல் ஊதிக்கொண்டிருந்தான்.
டீ இல்லை.

நான் செய்தது இவ்வளவுதான்:
ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கொஞ்சம் கூடுதலாக நின்றேன்.
டைம் கீப்பரிடம் சிக்னல்மேல் பழி போட்டேன்.
உதவி என்று நினைத்தேன்.
அந்த நோய்க்கு நான் பிடித்துவைத்த சீட் அது.

பௌரிங் ஆஸ்பத்திரியில் வாயில் குழாயை வைத்து
ஊதி, ஊதி, இன்னூ இன்னூ, என்று கத்தினாள் அந்தப் பெண்,
நெரிசலில் 'முன்னாடி போங்க' என்று அவன் கத்துவதுபோல.
கன்னடத்திலும் ஊதுவது ஊதுவதுதான்.
மூன்று முறை ஊதினான்.
திரையில் கோடு எழுந்து, உடனே படுத்துக்கொண்டது.

எத்தனை நாளா இப்படி? டாக்டர் கேட்டார்.
ரெண்டு மாசம், என்றான் எத்திராஜ்.
நாலு வருஷம், என்றேன் நான்.

திரும்பி என்னைப் பார்த்தான்.
கண்ணாடி இல்லாமல்
நாங்கள் பார்த்துக்கொண்டது குறைவு.
"தெரிஞ்சும்," என்றான்.
ஒரு இடைவெளி.
பிறகு, "சும்மாவா இருந்த?"