ஏழாவது படத்தின் மேல் போர்வை

வடமேற்கு அயோவாவில்
எங்கள் சபையின் அடித்தளக் கூடம்தான் வாக்குச்சாவடி.
விடியுமுன் மேசைகளைப் போட்டோம்.
ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வரைந்த பத்துக் கட்டளைகளில்
கடைசி மூன்றைக் கரும்பலகை மறைத்தது,
முதல் ஏழுக்கு ஒரு பூப்போட்ட போர்வை.
வாக்காளர் மனத்தை எதுவும் அசைக்கக் கூடாதாம், சட்டம்.
போர்வை போதவில்லை.
ஏழாவது படத்தின் ஓரம் தெரிகிறது:
பச்சைப் பென்சிலில் ஒரு வீடு,
வாசலை விட்டுப் போகும் தொப்பிக்காரன்.

நான் லோரன் ஹோஃப்ஸ்ட்ரா.
பதிவேட்டின் கடைசிப் பக்கங்கள் என் பொறுப்பு.
ஒன்பது வருடம் முன்பு இதே கூடத்தில்,
இதே மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து
என்னை மூப்பர் பதவியிலிருந்து இறக்கியவர்கள்
ஒவ்வொருவராய் வந்து பெயரைச் சொல்கிறார்கள்,
எனக்குத் தெரியாததுபோல்.

நியாயம்தான். செய்தேன்.
விதைக் கிடங்கில் கணக்கெழுதிய பெண், ஒரு குளிர்காலம்.
என் மனைவி மின்னசோட்டாவுக்குப் போய்விட்டாள்,
நல்ல இரும்பு வாணலியை எடுத்துக்கொண்டு.

ஆளுநர் பதவிக்கு நிற்பவருக்கு மூன்று குளிர்காலம்.
ஒரு கோடையும் உண்டு என்கிறது செய்தித்தாள்.
"போதகரையா தேர்ந்தெடுக்கிறோம், லோரன்?" என்றார்
டுவேன் வீன்ஸ்ட்ரா, போன வாரம்.
"பிறக்காத பிள்ளைகளை யோசி.
பாவம் செய்த ராஜாக்களைக் கொண்டும்
கர்த்தர் மதில் கட்டியிருக்கிறார்."
இருக்கலாம்.
என் வழக்கு நடந்த இரவு
ஒரு ராஜாவும் படியிறங்கி வந்து
எனக்காகப் பேசவில்லை.

பத்தரைக்கு ஆர்லிஸ் வாண்டர் ப்ளூக்.
அன்று தீர்மானத்தை வாசித்த குரல்.
வாசிப்பின் நடுவே தண்ணீர் கேட்டாள்;
நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
இன்று அவள் புல்வெளியில் அவருடைய பெயர்ப்பலகை,
காற்றுக்குச் சாயாதிருக்க இரட்டைக் கம்பி.
சீட்டை நீட்டுகிறேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள்.
மறைப்புக்குள் வெகுநேரம் நிற்கிறாள்.
மண்வள வாரியம், நீதிபதிகள் என்று
பின்பக்கம் நீளம்தான்;
அதுவாகவும் இருக்கலாம்.

சொல்லிவிடுகிறேன்.
ஏழு மணிக்கு முதல் சீட்டு என்னுடையது.
அவருக்குத்தான் போட்டேன்.
வரிக்காக அல்ல. பிள்ளைகளுக்காகவும் அல்ல.
இவ்வளவு மன்னிப்பு இந்த ஊரில் ஓடுகிறதென்றால்
வழி தவறியாவது கொஞ்சம்
என் வாசல் பக்கம் வரும் என்றொரு கணக்கு.
வட்டத்தை நிரப்பும்போது கை நடுங்கி
கோட்டுக்கு வெளியே மை.

இயந்திரம் அவள் சீட்டை விழுங்குகிறது.
'வாக்களித்தேன்' ஸ்டிக்கரை வாங்கிக்கொண்டு போனவள்
சமையலறையிலிருந்து திரும்பி வந்து
காகித நாப்கினில் ஒரு ஹாம் பன்னைப்
பதிவேட்டின் மேல் வைக்கிறாள்.
"கடுகு தடவவில்லை. உனக்குப் பிடிக்காதே."
பிறகு சுவரருகே போய்ப்
போர்வையின் முனையை இழுத்துவிடுகிறாள்,
தொப்பிக்காரன் மறையும் வரை.

இழுத்த இழுப்பில் மறுகோடியில்
முதல் கட்டளை வெளியே வந்துவிட்டது.

அவள் பார்க்கவில்லை.
"ஸைல்ஸ்ட்ரா" என்கிறார் அடுத்தவர்,
எழுத்துக் கூட்டி.