பக்கெட் ஒன்று குறைவு

மூணாவது மாடிக்கு மேலே
தண்ணீர் டேங்கின் நிழல் பதினொரு மணிவரை விழும் இடத்தில்
பாதியாய் அறுத்த நீல டிரம்.
காய்ச்சிய கம்பியால் அடியில் ஆறு ஓட்டை போட்டது நான்தான்.
செம்மண், நார்க்கழிவு, இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு.
அதில் என் எலுமிச்சை:
இலைக்கு இலை வெள்ளை,
சுண்ணாம்பு அடிக்கிறவன் பாதியில் சாப்பிடப் போனமாதிரி.

காகிதப்பட்டறையில் லாட்ஜ் நடத்தினால்
வருகிறவர் எல்லாரும் பாதி டாக்டர்.
துணி காயப்போட ஏறுவார்கள், செடியைப் பார்ப்பார்கள்.
"ரத்தமே இல்லையே" என்பாள் ஒருத்தி.
"ஸ்கேன் எடுத்தாச்சா?"
சிரிக்காமல் கேட்டார் ஒரு சித்தூர்க்காரர்.
நோயில்லைங்க, ரகமே அப்படி.

மால்டா சுபல் மண்டல் எதுவும் கேட்கவில்லை.
ஏழாம் நம்பர். மனைவி வார்டில்.
சாயங்காலம் ஒரு லுங்கி, ஒரு நைட்டி, பிழிந்து உதறிவிட்டு
டிரம் பக்கத்தில் குந்திக்கொள்வார்.

சித்திரைக் கடைசியில் ஒரு கிளை
முழுப் பச்சையாய்க் கிளம்பியது.
பத்தே நாளில் ஒரு முழம், கொழுகொழுவென்று.
விட்டால் அதுவே மரமாகிவிடும்,
வரிபோட்டதெல்லாம் பட்டினியில் உதிரும்.
கத்தரியை வைத்தேன்.

எழுந்தே விட்டார் மனுஷன்.
இதுதானே நல்லாயிருக்கு, இதைப் போயா?
வாடகைக்கும் வெந்நீருக்கும் மட்டும் போதுமான என் இந்தியில்
அதற்குப் பதில் இல்லை.
வெள்ளையைக் காட்டினேன், பச்சையைக் காட்டினேன்,
வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.
சட்டைப்பையிலிருந்து
பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

அக்னி நட்சத்திரம்.
பகலெல்லாம் விழுங்கிய வெயிலை
ராத்திரி மொட்டைமாடியில் கக்கின மலைகள்.
டிரம்முக்கு ஈரச் சாக்கு சுற்றினேன்.
வெள்ளை ஓரங்கள் அப்பளமாய்ப் பொரிந்தன.
மிஞ்சியது மூணு காய், பூசணிபோல வரிவரியாய்.

ஜூன் ஒன்பது, காட்பாடியில் ராத்திரி ரயில்.
அவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்,
ஒவ்வொரு திருப்பத்திலும் படியில் உட்கார்ந்து
இறங்கி வந்தாள்.
ஒரு காயைப் பறித்துக் கொடுத்தேன்.
நகத்தால் கீறி மோந்தாள்.
ஆட்டோ திரும்பும்வரை
மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

அறையைப் பெருக்கப் போனால்
ஜன்னலில் என் டீ கிளாஸ்.
அதில் நான் வெட்டிப் போட்ட பச்சைக் குச்சி,
தண்ணீருக்குள் சேமியாபோல நாலு வேர்.

வேறு தொட்டி இல்லை.
மறுபடி கம்பியைக் காய்ச்சினேன்.
கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன்:
ஏழாம் நம்பர்,
குளியலறை பக்கெட் ஒன்று குறைவு.