எதிர்மேசை

போழெனா என் எதிர்மேசை.
எட்டு வருடமாய் எங்களுக்கிடையே
ஒரு தண்ணீர்க் குழாய், ஓர் எடைத்தட்டு,
தீராத காட் மீன்கள்.

ஜனவரியில் எங்கள் ஃபியோர்டுக்கு விடிவதில்லை.
வெளிச்சமெல்லாம் மேசைக் கண்ணாடிக்கு அடியில்.
துண்டத்தை விரித்தால்
சதைக்குள் சுருண்ட புழு நிழலாய்த் தெரியும்.
கத்தி முனையால் ஒரு சுண்டு. அடுத்தது.

அவள் போலந்துக்காரி.
என் ஐஸ்லாந்து மொழி அவளுக்குப் பாதி வரும்.
அவள் மொழியில் எனக்கு வசவு மட்டும் வரும்.
பந்தயத்தை யார் தொடங்கியது, ஞாபகமில்லை.
தொட்டியை முதலில் காலி செய்தவள்
கத்திப்பிடியால் எஃகில் இருமுறை தட்டுவாள்.
அவ்வளவுதான்.
தோற்றவள் பத்து மணிக்கு எழுந்து போய்
இரண்டு காப்பி கொண்டுவருவாள்,
முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

வால்பக்கமிருந்து அவள் கத்தி நுழைவதை
ஒரு குளிர்காலம் முழுக்கத் திருட்டுத்தனமாய்ப் பார்த்துக் கற்றேன்.
சாணைக்கல்லை நான் உப்புநீரில் நனைப்பதை
அவள் எப்போது எடுத்துக்கொண்டாளோ.
நன்றியென்று யாரும் வாய் திறக்கவில்லை.

செப்டம்பரில் மேலாளர் ஹ்ராஃப்ன்கெல்
தலைக்கு மேல் ஒரு திரை மாட்டினார்.
மணிக்கு எத்தனை கிலோ,
யார் பெயர் பச்சை, யார் பெயர் சிவப்பு.
"ஆரோக்கியமான போட்டி" என்றார்.
கேக்கும் வெட்டினார்.

அதன்பின் தட்டும் சத்தம் நின்றது.
கடைக்கோடி மேசைப் பையன் இங்க்வார்
மீனை விட்டுத் திரையைப் பார்த்து அறுத்து
பெருவிரலில் நான்கு தையல் வாங்கினான்.
நான் பச்சையில் இருந்தேன்.
போழெனா சிவப்புக்குப் பக்கத்தில்.
அவரவர் காப்பியை அவரவர் எடுத்துக்கொண்டோம்.
சர்க்கரை போட்டும் கசந்தது.

நவம்பரில் ஒருநாள்
குழாய்க்கு அந்தப் பக்கமிருந்து எதையோ தள்ளினாள்.
எலும்புச் சரம்.
ஒரே வெட்டில் எடுத்தது, முனை முறியாமல்,
ஒட்டிய சதை ஒரு நகக்கண்ணளவும் இல்லை.
வெளிச்சத்தில் வைத்தேன்,
முள்ளை ஒவ்வொன்றாய் எண்ண முடிந்தது.
தலைக்கு மேலிருந்த திரைக்கு
அதற்கொரு கட்டம் இல்லை.

நான் ஒன்று அறுத்தேன். தடிமன்.
இன்னொன்று. பாதியில் அறுந்தது.
ஐந்தாவதைத் தள்ளினேன்.
அவள் கண்ணருகே தூக்கிப் பார்த்தாள்,
அவள் மொழியில் எனக்குத் தெரிந்த ஒரு சொல் சொன்னாள்.

இப்போது இருவரும் மஞ்சளில் இருக்கிறோம்.
ஹ்ராஃப்ன்கெல் வந்து நின்று
திரையைப் பார்த்து, எங்களைப் பார்த்து, போகிறார்.

டக், டக்.
இன்றைக்கு அவளுடையது மெல்லிசு.
ஒத்துக்கொள்கிறேன், வாயால் அல்ல.
எழுந்து போகிறேன்.
அவளுக்குச் சர்க்கரை இரண்டு.
மறந்தாற்போல்
மூன்று போடுவேன்.