பதிவேட்டில் இல்லாத தெரு

மாடியில் நின்றால் கோபுரம் தெரியும் என்றார்
புரோக்கர் சீனிச்சாமி.
நான் கைப்பிடிச் சுவரைப் பார்த்தேன்.
என் முழங்காலுக்கு நாலு விரல் மேலே.
மகிழினிக்கு மார்பளவு.
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும்.
கோபுரம் தெரியத்தான் செய்தது.

பெரிய ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவில்
எனக்கு ஏழு வருசம்.
இந்த ஊரைப் பேருந்து எண்களால் படித்தவள் இல்லை நான்.
வில்லாபுரம் என்றால் கொதிக்கிற ரசம், ஒன்றரை வயது.
அனுப்பானடி, மூடாத தொட்டி.
ஆனையூர், பின்னால் எடுத்த தண்ணீர் லாரி.
புதூரிலிருந்து வந்தவன் ஐந்து ரூபாய்க் காசை விழுங்கியிருந்தான்;
பிழைத்தான், போகும்போது காசைத் திருப்பிக் கேட்டான்.
"உங்கிட்டக் கேட்டா மதுரையில ஒரு வீடும் தேறாது"
என்கிறான் தவசி.

இந்தத் தெரு மட்டும் வந்ததே இல்லை.
முகவரி என்ற கட்டத்தில்
ஒருமுறைகூட இதன் பெயரை எழுதியதில்லை.
இல்லை என்பதற்கு இரண்டு அர்த்தம்.
ஒன்றும் நடக்கவில்லை.
அல்லது, தூக்கிக்கொண்டு ஓடிவர ஆளில்லை.
தாளில் இரண்டும் ஒரே வெள்ளைதான்.

அதனால் மூன்று தடவை வந்து பார்த்தேன்.
காலை எட்டுக்கு நாய்கள் ஒன்பது,
அதில் இரண்டு குட்டி போட்டவை.
டிரான்ஸ்பார்மர் பெட்டிக்குக் கதவு இல்லை,
யாரோ பழைய தேர்தல் பேனரைக் கட்டி மூடியிருந்தார்கள்.
மத்தியானம் மூன்றுக்கு ஒருவரும் இல்லை.
எல்லாக் கதவும் சாத்தியிருந்தது.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
ராத்திரி பதினொன்றரைக்குப் பணி முடிந்து வந்தேன்:
ஏழு விளக்கில் நாலு எரிந்தன.
இஸ்திரி வண்டிப் பலகையில் மூன்று பேர்
நான் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள்,
கடந்ததும் தொடங்கினார்கள்.
அது மரியாதையா, வேறெதுவுமா
என்று தவசியிடம் கேட்டுப் பயனில்லை.
அவனுக்காக யாரும் பேச்சை நிறுத்தியதில்லை.

வாய்விட்டும் கேட்டேன்.
"இங்க ஒரு பயமும் இல்லக்கா.
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மட்டும் போயிராதீக,
அங்கன இருக்கிறவய்ங்க ஒரு மாதிரி."
பாலம் தாண்டிப் போய் அங்கேயும் கேட்டேன்.
சீத்தாப்பழம் தின்றுகொண்டிருந்தவள்
கொட்டையைத் துப்பிவிட்டு
தாடையால் இந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

நேற்று அட்வான்ஸ்.
சீனிச்சாமி எச்சில் தொட்டு நோட்டை எண்ணும் நேரம்
என் கைக்குள் விரல் இல்லை.
ஒரு பூனை, அதன் பின்னால் மகிழினி,
அவளுக்கு முன்னால் வாய்க்கால்.
என் தொண்டை திறப்பதற்குள்
தெரு கத்தியது.
மாடிக் கொடியில் துணி காயப்போட்டவள் கத்தினாள்.
ஆளில்லை என்று நான் குறித்துவைத்த கதவிலிருந்து
கையெல்லாம் மாவோடு ஒருத்தி ஓடிவந்தாள்.
பிள்ளையைத் தூக்கியவன்
அந்த மூன்று பேரில் ஒருவன்.
கக்கத்தில் இரண்டு கையும் கொடுத்து, முகம் வெளியே பார்க்க,
பிள்ளை வளர்த்தவன் தூக்குகிற மாதிரி.
அல்லது வேறு மாதிரி.
அப்படி நினைக்கக் கூடாது என்று தெரியும்.
நினைத்தேன்.

"யார் வீட்டுப் புள்ளை இது?" என்றான்.
எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
அப்போதுதான் உறைத்தது,
அவர்களும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று.
புதுசாகக் குடிவருகிறவள்.
கையை விட்டவள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்:
மாடிச் சுவரை இரண்டடி உயர்த்தித் தரவேண்டும்.
"உக்காந்தா கோபுரம் தெரியாதேம்மா" என்றார் சீனிச்சாமி,
எதையோ இழந்தவர் போல.
நான் அங்கே உட்காரப் போவதில்லை என்றேன்.