மற்றவை

படிவத்தில் மூன்று பெட்டி:
நியூசிலாந்து வெள்ளை, கலிபோர்னியன், சின்சில்லா.
நாலாவது அடியில், பேனை முனை அளவு:
மற்றவை.

"உங்கட என்ன இனம் அக்கா?"
கால்நடைக் கந்தோரில் இருந்து வந்த பிள்ளை
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள்.
இனம் எண்டு ஒண்டும் இல்லைத் தங்கச்சி.
மண்ணிறம். சிலது சாம்பல்.
ஒருத்திக்கு மட்டும் நெற்றியில்
திருநீறு இழுத்த மாதிரி ஒரு கீறு.
கோப்பாயில் ஒருத்தர்
கோழிக்குஞ்சு வாங்கிக்கொண்டு மாற்றாகத் தந்த சோடி, பெருகினது.
கூப்பிடும்போது முசல்,
கொப்பியில் எழுதும்போது முயல்.

போன வருசம் வெள்ளை ஆறு தந்தார்கள்,
கூடும் தந்து, படமும் எடுத்து.
பஞ்சுப் பொதி மாதிரி வந்து இறங்கினதுகள்.
சித்திரை வெயிலுக்கு
நனைத்த சாக்கைக் கூட்டின் மேல் விரித்தேன்,
வாழைமடல் அடுக்கினேன்,
மத்தியானம் குந்தியிருந்து விசிறினேன்,
பெற்ற பிள்ளைக்கு விசிறாத விசிறல்.
காது சிவந்து, வாய் திறந்து இழுத்து
பத்து நாளில் ஆறும் முடிந்தது.
புதைத்த இடத்தில் இப்ப கத்தரி.
நல்லாய்க் காய்க்குது, பொய் சொல்லக்கூடாது.

மண்ணிறத்துக்கு விசிறி தேவையில்லை.
வேலி முள்முருக்கு, வரம்பு அறுகு,
திருநெல்வேலிச் சந்தையில் கழித்துப்போட்ட கரட் இலை.
கோவா இலையை மட்டும் வாட்டிப் போடவேணும்,
ஈரத்தோடு போட்டால் வயிற்றால் போகும்.
ஒருவரும் சொல்லித் தரவில்லை,
நாலு குட்டி செத்துத்தான் சொன்னதுகள்.

வெங்காயத் தராசில் நிறுத்தால்
ஒன்றே முக்கால் கிலோ. அதற்கு மேல் முள் ஏறாது.
வெள்ளை எண்டால் மூன்று தாண்டுமே என்று
கொழும்புத்துறை மரியநேசன் உதட்டைப் பிதுக்குவார்.
வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் விற்பனை இல்லை.
சட்டியில் பூசணி, கூட்டில் காது நீட்டின பத்துச் சீவன்,
அன்றைக்கு நான் கொஞ்சம் நல்லவள்.
சனி விடிய அவர் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வருவார்.
காசு எண்ணும்போது பெட்டிப் பக்கம் பார்ப்பதில்லை.
அதனாலேயோ தெரியாது,
காசு ஒருநாளும் பிழைத்ததில்லை.

மார்கழி மழைக்குள்
கீறு நெற்றிக்காரியைக் காணவில்லை.
பனஞ்சலாகை ஒன்று உக்கிக் கழன்றிருந்தது.
மரநாய் என்றார் இவர்.
கீரி என்றாள் மகள், அதையே பந்தயம் கட்டினாள்.
நான் கணக்குக் கொப்பியில்
'நட்டம் 1' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

தை பிறந்து, மழை விட்டு,
வாழைக்கு வாய்க்கால் திருத்த
மண்வெட்டியை ஓங்கினவர் ஓங்கினபடி நின்றார்.
"இஞ்ச வா. சத்தம் போடாதை."
கதலி அடியில், மேட்டில்,
ஆரோ உள்ளங்கையால் அமர்த்தி மூடினமாதிரிச் செம்மண்.
விரலால் கிண்ட
உள்ளே சூடு.
தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கி மெத்தை போட்டு
அஞ்சு, கண் திறக்காததுகள்,
ஒன்றின் நெற்றியில் கீறு.

போகும்போதே வயிற்றோடுதான் போயிருக்கிறாள்.
நாங்கள் கம்பி வலை அடித்தோம்,
தண்ணிப் போத்தல் கட்டினோம், தகரம் வேய்ந்தோம்.
அவள் ஒரு முழம் இருட்டைத் தானே தோண்டிக்கொண்டாள்.

இவர் மண்ணைத் திரும்ப இழுத்து மூடினார்,
இடைவெளி விட்டு, ஒரு கள்ளனைப்போல.
வாய்க்கால் அந்த இடத்தில் வளைந்து போகுது.
அந்தக் கதலி இம்முறை இரண்டு சீப்புக் குறைய ஈன்றது.
கொப்பியில் அடிக்கோட்டை அழிக்க
அழிறப்பர் தேடினேன், கிடைக்கவில்லை,
அப்படியே விட்டுவிட்டேன்.

"அக்கா, மொத்தம் எத்தனை?"
பிள்ளை பேனையால் அட்டையில் தட்டினாள்.
மண்ணுக்கு மேலே பதினொன்று என்றேன்.
பகிடி என்று நினைத்துச் சிரித்து
பதினொன்று எழுதி
கடைசிப் பெட்டியில் சரி போட்டாள்.
பெட்டி சின்னன்.
சரியின் வால் வெளியே நீண்டு கிடந்தது.