பதினாலாம் இலக்கம்

முதலில் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்கள்.
டிக்கியில் கிடந்த குடை, ஐந்து கிலோ சிவப்பரிசி,
போன மாதம் முழுக்கத் தேடிய மகனின் ஒற்றைச் சப்பாத்து,
ஜாக்கி, கால்மிதி,
கதவுப் பையில் திணித்த லீசிங் ரசீதுகள்.
"உருளக்கூடியது ஒண்டும் இருக்கக்கூடாது, அக்கா"
என்றான் பரிசோதிக்க நின்ற டெனிஸ்ரன்.
பல் ஆடுகிறதா என்று பார்ப்பதுபோல்
பற்றறியைப் பிடித்து உலுப்பினான்.
டாஷ்போட்டில் பிள்ளையார்.
"ஒட்டியிருக்கிறாரோ?"
"ஒட்டியிருக்கிறார்."
"அப்ப இருக்கட்டும்."

காங்கேசன்துறையில், பழைய சீமெந்து ஆலைக்குப் பின்னால்,
ஒருகாலம் லொறிகள் காத்துநின்ற கொங்கிறீற்று வெளி.
வெடிப்புகளில் நாயுருவி.
கழகக்காரர் விடியமுதல் வந்து கூட்டியிருந்தார்கள்.
இருபத்தெட்டுச் செம்மஞ்சள் கோன்கள்.
சோளகம் எழும்பினால் அவை தாமாகவே ஓடத்தொடங்கும்,
அதற்கு முதல் நாங்கள் ஓடிமுடிக்கவேணும்.

ஒரு சிவிக், சைலன்சர் சத்தத்தாலேயே ஊருக்குத் தெரிந்தது.
இரண்டு ஸ்ரார்லெற்.
கூரை வெளிறிய மாருதி ஒன்று, சொந்தக்காரர் கண் வைத்தியர்.
பிறகு என் வாகன்-ஆர்,
பதினேழு மாதத் தவணை இன்னும் பாக்கி.
கதவில் மாஸ்கிங் ரேப்பால் 14 என்று ஒட்டினார்கள்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் திரும்பிப் போயிருப்பேன்.

இரவல் ஹெல்மெற்றுக்குள் யாருடையதோ நல்லெண்ணெய் மணம்.
பக்கத்துச் சீற்றில் ஏறினாள் அபிசாயினி,
சுன்னாகத்தில் ரயர் கடை வைத்திருப்பவள், இருபத்தாறு வயது.
ஏறமுதல் நாலு ரயருக்கும் நாலு றாத்தல் காற்றுக் கூட்டியிருந்தாள்.
நான் நாற்பத்துமூன்று.
காணிப் பதிவகத்தில் பதினெட்டு வருடமாக
மற்றவர்களின் எல்லைகளை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

"இடிச்சிடுவமோ எண்டு கோனைப் பாக்காதேங்கோ.
போகவேண்டிய இடத்தைப் பாருங்கோ.
கண் போற பக்கம்தான் கார் போகும்."

பச்சைக் கொடி அசைந்தது.
நான் அசையவில்லை.
கொடி இன்னொருமுறை அசைந்தது.

என்ன செய்ய,
நான் கார் பழகிய காலத்தில்
இந்த ஊரில் கைகாட்டியவர் எல்லாரும்
நிற்பாட்டத்தான் காட்டினார்கள்.
தலைவிளக்கை அணை. உள்விளக்கைப் போடு.
கண்ணாடியை இறக்கு. மெல்ல வா. இன்னும் மெல்ல.
என் வலதுகால் படித்த படிப்பு அவ்வளவும்தான்.

"அக்கா, போகச் சொல்லீனம்."

போனேன்.
முதலாம் கோன் தப்பியது.
இரண்டாவதைப் பார்க்கக்கூடாது, பார்க்கக்கூடாது என்று
அதையே பார்த்துக்கொண்டு போய் இடித்தேன்.
அது பம்பருக்கடியில் கொளுவி
முடிவுக்கோடு வரைக்கும் என்னோடு வந்தது.
ஒரு நிமிடம் பத்தொன்பது, தண்டம் இரண்டு செக்கன்.
கண் வைத்தியர் வெள்ளைச் சேட்டோடு மல்லாக்கக் கிடந்து
அதை இழுத்தெடுத்தார்.

இரண்டாம் ஓட்டம் சொல்லும்படியாக இல்லை.

மூன்றாவதில், நேர்கோட்டிலேயே பிறேக்கை அழுத்தி முடித்து,
காலை எடுத்து, பிறகுதான் திருப்பினேன்.
கடலோரத்து வளைவு.
ரயர்கள் சின்னதாய்க் கீச்சிட்டன.
உடைந்த மதிலுக்கும் கடைசிக் கோனுக்கும் நடுவே
ஒரு துண்டு நீலம் தெரிந்தது,
நான் அதைப் பார்த்தேன்.
கார் அந்தப் பக்கம் போனது.
அவ்வளவுதான். ஆனாலும் ஹெல்மெற்றுக்குள்
யாரோ கத்திய சத்தம் கேட்டது, அது நான்.

ஒரு நிமிடம் நாலு.
சிவிக் நாற்பத்தெட்டுச் செக்கனில் வந்தது. வரட்டும்.

அரிசியைத் திரும்ப ஏற்றினேன். சப்பாத்தையும்.
ரயரைத் தொட்டுப் பார்த்தேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோல் சுட்டது.
தெல்லிப்பழை வரை ஒரு லாண்ட்மாஸ்ரர்,
பெட்டி நிறைய எரு.
முந்தவில்லை, அவசரமும் இல்லை.

திங்கள் காலை அலுவலக வாசலில் காவலாளி கேட்டார்,
"என்ன மிஸ், கதவில பதினாலு?"
துடைக்க மறந்திட்டன் என்றேன்.
செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னேன்.