நாலு மணி டப்பா

மூன்று ஐம்பதுக்கே பசி வந்து
மேசையோரம் நின்றுகொள்கிறது,
கையெழுத்துக்குக் காத்திருக்கும் பியூன் மாதிரி.

பல்லார்ட் எஸ்டேட், இரண்டாம் மாடி.
கப்பல்களுக்குக் காப்பீடு செய்யும் கம்பெனி.
கடலில் எது எப்போது மூழ்கும் என்று
கணக்குப் போடுவது என் வேலை.
என் மாதக் கணக்கு மட்டும் தப்பிக்கொண்டே இருக்கிறது.

டப்பாவில் இன்றைக்கு
அவித்த வேர்க்கடலை ஒரு பிடி.
எலுமிச்சை பிழிந்த வெள்ளரி.
நாலு கட்டம் பனீர்,
அதன்மேல் எண்ணெயில் குழைத்த இட்லிப்பொடி.
இட்லி இல்லாத இட்லிப்பொடிக்கு
யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்றே தெரியவில்லை.

டாக்டர் ஷிரோத்கர் ஸ்கேனைத் திருப்பிக் காட்டினாள்:
"முத்துக் கோத்த மாதிரி இருக்கு, பாருங்க."
பார்த்தேன்.
கழுத்தில் போட வாய்க்காத நகையொன்று
இத்தனை வருடம் உள்ளேயே கிடந்திருக்கிறது.
செய்கூலி, சேதாரம் எல்லாம்
என் தலையில்.

ஜிக்னேஷுக்குப் பிறந்தநாள்.
காகிதத் தட்டில் கேக் வருகிறது.
"ஒரு துண்டுதானே!"
அந்தத் தானே-வில் இருக்கும் சர்க்கரையை
எந்தக் கருவியில் அளப்பது?
பல் வலி என்றேன்.
போன மாதம் விரதம் என்றேன்.
உண்மையைச் சொன்னால்
ஆளுக்கொரு கஷாயம் சொல்வார்கள்,
அதிலும் வெல்லம் இருக்கும்.

ஆறு இருபத்திரண்டு அம்பர்நாத் ஃபாஸ்ட்.
பெண்கள் பெட்டி.
மடியில் முறம்போல் செய்தித்தாள் விரித்து
ஒருத்தி வெந்தயக்கீரை ஆய்கிறாள்.
எதிர் சீட்டுக்காரி சின்ன டப்பாவைத் திறந்து
பாதாமை எண்ணுகிறாள்.
ஆறு. ஏழாவதை
திரும்ப உள்ளே போட்டு மூடுகிறாள்.

தாடையைப் பார்த்தேன்.
நூல் வைத்து இழுத்த புதுச் சிவப்பு.
அவளும் என் தாடையைப் பார்த்தாள்.

"எத்தனை நாள்?" என்றேன் இந்தியில்.
எதை என்று அவள் கேட்கவில்லை.
"அறுபத்தெட்டு. உனக்கு?"
"தொண்ணூற்றிரண்டு."
"அடேங்கப்பா, செஞ்சுரி போடப் போறே!"
காட்கோபர் தாண்டும்வரை
இரண்டு பேரும் சிரித்தோம்.
கீரைக்காரி நிமிர்ந்து பார்த்துவிட்டு
எதுவும் விளங்காமல்
தானும் கொஞ்சம் சிரித்துவைத்தாள்.

பேர் வைஜயந்தி காம்ளே. கல்வாவில் இறங்குபவள்.
மக்கானாவை நம்பாதே, ஏமாத்தும் என்றாள்.
தேங்காய்ச் சில்லு நாலு கொடுத்தாள்.
என் கடலையை மென்றுவிட்டு
"உப்புப் பத்தலை" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அந்த மழை.
குர்லாவில் தண்டவாளம் முங்கி
ஒன்றரை மணி நேரம் நின்ற இடத்திலேயே வண்டி.
டப்பா மதியமே காலி.
தாணேயில் கூட்டம் என்னைப் பிதுக்கி வெளியே தள்ள
எதிரே கொதிக்கும் எண்ணெய்.
வடாபாவ் ஒன்று.
பொரித்த பச்சை மிளகாயோடு,
காகிதத்தில் ஒட்டிய பூண்டுப்பொடியை
விரலால் வழித்து
முழுசாக.
பிறகு இன்னொன்று.

மறுநாள் விடியற்காலை
வயிற்றைப் பிசைந்துகொண்டு வந்துவிட்டது
தொண்ணூற்றைந்து நாளாக வராதது.

குளியலறைத் தரையில் உட்கார்ந்து யோசித்தேன்.
யாருக்கு நன்றி சொல்ல?
மூன்று மாதக் கடலைக்கா,
இரண்டு வடாபாவுக்கா?
உடம்பு எந்தப் படிவத்திலும்
காரணம் எழுதும் கட்டத்தை நிரப்புவதில்லை.

வைஜயந்திக்குச் செய்தி அனுப்பினேன்:
"தொண்ணூற்றைந்தில் அவுட்."
கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன.
அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை.
அப்புறம்:
"நான் எழுபத்தொன்று. நாட் அவுட்."

என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை.
எழுந்து போய்
கடலையை ஊறப் போட்டேன், இரண்டு பிடியாக.
உப்பு
இன்னும் கொஞ்சம்.